வீட்டிலேயே நல்ல காபி போட: முழுமையான வழிகாட்டி

நல்ல கொட்டையாகப் பார்த்து வாங்கியும் காபி சுமாராகவே வருகிறதென்றால், உடனே கருவியை மாற்றத்தான் பலருக்கும் தோன்றும். கருவியைப் பற்றிக் கடைசியில் யோசித்தால் போதும். காபி போடுவது என்பது கரைப்பதுதான். வெந்நீர் தூளிலிருந்து எதை இழுத்துக்கொண்டு வருகிறது, எவ்வளவு இழுத்துக்கொண்டு வருகிறது என்பதில்தான் சுவை முழுவதும் இருக்கிறது. இது பிடிபட்டுவிட்டால் எந்தப் பாத்திரத்திலும் நல்ல காபி போடலாம்.

வறுத்த கொட்டையின் எடையில் சுமார் 30 சதவீதம் நீரில் கரையக்கூடியது. மிச்சமெல்லாம் நார்ச் சக்கை. கரையக்கூடியது முழுவதும் நமக்குத் தேவையில்லை. கொட்டையின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கோப்பைக்கு வந்தால் சுவை நன்றாக இருக்கிறது என்று 1950களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் செய்த ஆய்வுகள் காட்டின. காபித் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் அந்தக் கணக்கை வைத்துத்தான் பேசுகிறார்கள். அதற்குக் குறைந்தால் வெடுக்கென்ற புளிப்பு, கொஞ்சம் உப்புக் கரித்தாற்போல் ஒரு ருசி, குடித்து முடித்ததும் வாயில் எதுவும் தங்காத வெறுமை. கூடிப்போனால் கசப்பு, அதோடு நாக்கை வறள வைக்கும் துவர்ப்பு.

இந்தக் கரைசலைக் கூட்டவும் குறைக்கவும் நம் கையில் இருப்பவை: தூளின் பருமன், தூளுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம், சூடு, நேரம், கலக்குவது. இவற்றுள் அரைப்புக்குத்தான் முதலிடம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கொட்டை வாங்கும்போது

பாக்கெட்டில் வறுத்த தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'இன்ன தேதிக்கு முன் பயன்படுத்தவும்' என்பது மட்டும் இருந்தால் அது எப்போது வறுத்தது என்று தெரியாது. வறுத்த கொட்டைக்குள் கார்பன் டை ஆக்ஸைடு நிறைய அடைபட்டிருக்கும். அது நாள்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறும். வறுத்த மறுநாளே போட்டால் இந்த வாயு தண்ணீரைத் தூளுக்குள் சரியாக இறங்க விடாது. ஒரு வாரம் பொறுத்து ஆரம்பித்து, அடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

காபிக் கொட்டையில் முக்கியமாக இரண்டு இனம்: அரபிகா, ரோபஸ்டா. எதை வாங்குவது? அரபிகாவில் புளிப்பும் மணமும் தூக்கல். ரோபஸ்டாவில் காஃபின் ஏறத்தாழ இரண்டு மடங்கு, கசப்பும் அதிகம். பால் சேர்த்தாலும் அமுங்காமல் நிற்கும். பால் இல்லாமல் குடிப்பவர்களுக்கு நான் சொல்வது நடுத்தரமாக வறுத்த அரபிகா. கொட்டையின் மேல் எண்ணெய் மினுமினுக்கும் அளவுக்குக் கறுப்பாக வறுத்திருந்தால், எந்தத் தோட்டத்துக் கொட்டையாக இருந்தாலும் வறுப்பின் ருசி மட்டுமே வரும்.

வாங்கி வந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து தினமும் எடுத்துத் திறப்பது கூடாது. ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த கொட்டையின் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் பண்டங்களின் வாசனையும் ஏறும். நிறைய வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு வேளைக்கு ஆகும் அளவாகச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி ஃபிரீசரில் போடலாம். எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்காமல் அப்படியே அரைத்துவிட வேண்டும்.

அரைப்பு: இங்கேதான் பாதி வேலை

முழுக் கொட்டையில் மணம் வாரக்கணக்கில் தங்கும். அரைத்து வைத்த தூளில் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும். அதனால் காபி போடுவதற்குச் சற்று முன் அரைப்பதுதான் வீட்டுக் காபியில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம்.

அடுத்தது பருமன். பொடி மென்மையாக ஆக ஆக, தண்ணீர் படும் பரப்பு கூடுகிறது, சீக்கிரம் கரைகிறது. கரகரப்பாக இருந்தால் தண்ணீர் உட்புகுந்து வெளியே வர நேரம் பிடிக்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரே அரைப்பில் மாவும் குருணையும் கலந்து கிடக்கும்போதுதான். மாவு ஏற்கெனவே கசக்க ஆரம்பித்திருக்கும், குருணையோ இன்னும் புளிப்பைத் தாண்டியே இருக்காது. கோப்பையில் இரண்டும் சேர்ந்து வரும். நேரத்தையும் சூட்டையும் எப்படி மாற்றினாலும் இது சரியாகாது.

மிக்ஸியும் பிளேடு கிரைண்டரும் கொட்டையை வெட்டி எறிகின்றனவே தவிர ஒரே அளவாக உடைப்பதில்லை. பர் கிரைண்டரில் இரண்டு பல் வைத்த தட்டுகளோ கூம்புகளோ இருக்கும். அவற்றின் இடைவெளிதான் தூளின் பருமனைத் தீர்மானிக்கிறது. கையால் சுற்றும் பர் கிரைண்டர் போதும். காபிக்கென்று ஒரே ஒரு பொருளில் பணம் போடுவதானால் அதில் போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். நல்ல கிரைண்டரும் சாதாரண பிளாஸ்டிக் டிரிப்பரும் (வடிதாள் வைக்கும் புனல்) சேர்ந்து தரும் காபியை, மோசமான கிரைண்டரோடு சேர்ந்த உயர்ந்த கருவி தராது.

இப்போதைக்கு மிக்ஸிதான் இருக்கிறது என்றால் அதிலும் வழி உண்டு. தொடர்ந்து ஓட்டாமல் இரண்டிரண்டு நொடியாக விட்டு விட்டு ஓட்டுங்கள். நடுநடுவே ஜாரைக் குலுக்குங்கள். அப்புறம் தூளை நெருக்கமான கண்ணுள்ள டீ வடிகட்டியில் போட்டு லேசாகத் தட்டினால் மாவு கீழே கொட்டிவிடும். மேலே தங்குவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் வீணாகும், ஆனால் கசப்பு குறைவது முதல் வாயிலேயே தெரியும்.

இன்னொன்று. அரைக்கும்போது தூள் கிரைண்டரெங்கும் ஒட்டிக்கொண்டு பறக்கும் அல்லவா, அது நிலைமின்சாரத்தால் வருவது. அரைப்பதற்கு முன் கொட்டையின் மேல் ஓரிரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்கிவிட்டால் அது பெருமளவு அடங்கிவிடும். காபிக்காரர்கள் வெகுகாலமாகச் செய்துவந்த இந்தக் கைப்பழக்கம் சரிதான் என்று அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஹெண்டனும் உடன் ஆய்வாளர்களும் 2023இல் சோதித்துக் காட்டினார்கள். கையால் சுற்றும் கிரைண்டருக்கு இது கச்சிதம். மின்சாரக் கிரைண்டரில் சொட்டு அதிகமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

கோப்பையில் இருப்பதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் தூளிலிருந்து சுவையை இழுக்க உதவுகின்றன. பைகார்பனேட் புளிப்பை மட்டுப்படுத்துகிறது. எனவே பைகார்பனேட் மிகுந்த கடின நீரில் போட்ட காபி மங்கலாக, சுண்ணாம்பு கலந்தாற்போல் இருக்கும். தாதுவே இல்லாத ஆர்.ஓ. நீரிலோ காய்ச்சி வடித்த நீரிலோ போட்டால் புளிப்பு துருத்திக்கொண்டு நிற்கும், ருசியும் ஒட்டாது. லிட்டருக்கு 75 முதல் 250 மில்லிகிராம் வரை கரைந்த தாதுக்கள் உள்ள நீர் காபிக்கு ஏற்றது என்பது தொழில்முறை அளவுகோல்; 150 நல்ல நடு அளவு.

உங்கள் நீர் எப்படி என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரே தூள், ஒரே அளவு. ஒரு கோப்பை குழாய் நீரில், இன்னொன்று பாட்டில் நீரில் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் குழாய் நீரையும் ஆர்.ஓ. நீரையும் பாதிக்குப் பாதி கலந்து பார்க்கலாம். குளோரின் வாசனை அடித்தால் கார்பன் ஃபில்டர் போட்டே ஆக வேண்டும்.

சூடு 90 முதல் 96 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் கொதித்ததும் இறக்கி அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள். லேசாக வறுத்த கொட்டை கரைய மறுக்கும் ரகம். அதற்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் தப்பில்லை. கறுப்பாக வறுத்ததற்கு இன்னும் கொஞ்சம் ஆறவிடலாம். மலைமேல் இருப்பவர்கள் ஆறவிட வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

அளவு

ஸ்பூன் கணக்கை விட்டுவிடுங்கள். கறுப்பாக வறுத்த கொட்டை உப்பி எடை குறைந்திருக்கும், லேசாக வறுத்தது கெட்டியாக இருக்கும். ஒரே ஸ்பூனில் இரண்டும் வெவ்வேறு எடை. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் தூளில் ஆரம்பியுங்கள். அதாவது ஒரு பெரிய கோப்பைக்கு 15 கிராம் தூள், 250 கிராம் தண்ணீர். தண்ணீரையும் தராசிலேயே நிறுக்கலாம். ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம்தான்.

பேப்பர் ஃபில்டரில், படிப்படியாக

முதலில் கற்றுக்கொள்ள இந்த முறையைத்தான் சொல்வேன். நடப்பதெல்லாம் கண் முன்னால் தெரியும். ஜெர்மனியின் டிரெஸ்டனைச் சேர்ந்த மெலிட்டா பென்ட்ஸ் 1908இல் இதைக் கண்டுபிடித்தார். காபியில் கசடு வருவது பொறுக்காமல், அடியில் ஓட்டை போட்ட பாத்திரத்தில் மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை வைத்து வடிகட்டினார். அடிப்படை இன்றும் அதேதான்.

தாளை மடித்து டிரிப்பரில் வைத்து, வெந்நீரை ஊற்றி அலசுங்கள். தாளின் வாசனை போகும், பாத்திரமும் சூடாகும். கீழே சேர்ந்த நீரைக் கொட்டிவிடுங்கள். 15 கிராம் கொட்டையை மணலைவிடச் சற்றுக் கரகரப்பாக அரைத்துப் போட்டு, பக்கவாட்டில் தட்டிச் சமப்படுத்துங்கள். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து கடிகாரத்தை ஓடவிடுங்கள்.

முதலில் 45 கிராம் தண்ணீர் மட்டும், தூள் முழுவதும் நனையும்படி. இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். தூள் புஸ்ஸென்று எழும்பி மேலே குமிழ் குமிழாக வெடிக்கும். அதன் மணம் முகத்தில் அடிக்கும். உள்ளே அடைபட்டிருந்த வாயு வெளியேறுகிறது. எழும்பவே இல்லையென்றால் கொட்டை பழசு. டிரிப்பரைக் கையில் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் உலர்ந்த கட்டிகள் இருந்தாலும் நனைந்துவிடும். 40 நொடி காத்திருங்கள்.

அடுத்து நடுவிலிருந்து வெளியே, வெளியிலிருந்து நடுவே என்று மெல்லிய தாரையாக வட்டமிட்டு ஊற்றுங்கள். தாளின் ஓரத்தில் நேராக ஊற்ற வேண்டாம்; அந்த நீர் தூளைத் தொடாமலே இறங்கிவிடும். ஒன்றே கால் நிமிடத்தில் 150 கிராம், ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் 250. கடைசியாக ஒரு முறை மெதுவாகச் சுழற்றி விட்டுவிடுங்கள். தண்ணீர் முழுவதும் இறங்க மொத்தம் இரண்டே முக்காலிலிருந்து மூன்றே கால் நிமிடம் ஆக வேண்டும். வடிந்தபின் தூள் சமதளமாகப் படிந்திருந்தால் தண்ணீர் சீராக இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் அந்த வழியாகவே அதிகம் ஓடியிருக்கிறது. அங்கே தூள் கசந்தும் மறுபக்கம் புளித்தும் இருக்கும்.

கோப்பையில் சுமார் 220 மில்லிதான் இருக்கும். தூள் தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஒரு சோதனை

ஒரு விடுமுறை நாளில் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். மேலே சொன்னபடியே காபி போடுங்கள், ஆனால் கீழே ஒரே பாத்திரத்துக்குப் பதில் மூன்று கிண்ணங்களை மாற்றி மாற்றி வைத்து வடியவிடுங்கள். முதல் கிண்ணம் கறுத்து, கெட்டியாக, புளிப்பும் இனிப்பும் உப்பும் கலந்து நாக்கைத் தாக்கும். இரண்டாவது தேன் நிறத்துக்கு இறங்கியிருக்கும், ருசியில் சாது. மூன்றாவது தேநீரைவிட வெளுத்த நீர். அதில் கசப்பும் துவர்ப்பும் தவிர வேறெதுவும் இல்லை. மூன்றையும் தனித்தனியாக ருசித்துவிட்டுப் பிறகு முதல் இரண்டையும் கலந்து குடியுங்கள். அதன்பின் மூன்றாவதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் காபி முழுமையாகிறது, இன்னும் கொஞ்சம் ஊற்றினால் கெடுகிறது. அந்த இடத்தை ஒரு முறை நாக்கு அறிந்துகொண்டால் பிறகு மறக்காது.

நாக்கை வைத்துத் திருத்துவது

கோப்பையை எடுத்ததும் ருசி பார்க்காதீர்கள். கொதிக்கிற காபியில் சுவை தெரியாது. 60 டிகிரிக்குக் கீழே, தாராளமாக ஒரு வாய் உறிஞ்சிக் குடிக்கும் சூட்டில் பாருங்கள்.

வெடுக்கென்று புளித்து, விழுங்கியதும் சுவை அறுந்துபோனால் கரைந்தது போதவில்லை. அடுத்த தடவை ஒரு சுற்று மென்மையாக அரையுங்கள். கசந்து, நாக்கின் இரு ஓரங்களும் வறண்டு, நெல்லிக்காயின் தோலை மென்றாற்போல் ஆனால் கரைந்தது அதிகம், கரகரப்பாக அரையுங்கள். ஒரே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரைப்பையும் அளவையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. கசப்பு வேறு, ஸ்ட்ராங் வேறு. தண்ணீராக இருக்கிறது, ஆனால் கசக்கிறது என்றால் குறைந்த தூளிலிருந்து அளவுக்கு மீறிக் கறந்திருக்கிறீர்கள். தூளைக் கூட்டி, கரகரப்பாக அரைக்க வேண்டும். கெட்டியாக இருக்கிறது, ஆனால் புளிக்கிறது என்றால் தூள் அதிகம், கரைந்தது குறைவு. மென்மையாக அரைக்க வேண்டும், அல்லது தண்ணீரைக் கூட்ட வேண்டும். சுவை சரியாக இருந்து கனம் மட்டும் பிடிக்கவில்லையென்றால், போட்டு முடித்த காபியில் வெந்நீர் ஊற்றிக்கொள்வதுதான் சுலபம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புளிப்பிலும் இரண்டு வகை உண்டு. பழத்தில் இருப்பதுபோல் இனிப்போடு சேர்ந்து வரும் புளிப்பு கொட்டையின் குணம். அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் அதிகம் வறுத்த கொட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வேறு கருவிகள்

பிரெஞ்சு பிரஸ் என்பது தூளை வெந்நீரில் ஊறவைத்து, வலை வடிகட்டியை மேலிருந்து இறக்கும் குவளை. இதில் தவறு நேர வாய்ப்பு மிகக் குறைவு. 30 கிராம் தூள், 500 கிராம் வெந்நீர், நான்கு நிமிடம். பிறகு மேலே கட்டியிருக்கும் ஏட்டை ஸ்பூனால் கலக்கி விடுங்கள், தூள் மூழ்கும். மிதக்கும் நுரையை வழித்துப் போட்டுவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். கசடு தானே அடியில் தங்கிவிடும். வடிகட்டியை அடிவரை அழுத்தாமல் காபியின் மேல்மட்டம் வரை மட்டும் இறக்கி மெதுவாக ஊற்றுங்கள். அழுத்தினால் படிந்ததெல்லாம் கிளம்பிவிடும். இந்த முறையில் எண்ணெயும் கோப்பைக்கு வருவதால் காபி வழவழப்பாக இருக்கும். அந்த எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டக்கூடியது. பேப்பர் அதைப் பெருமளவு தடுத்துவிடும். கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் தினசரிக் காபியைப் பேப்பரில் வடித்துக் குடிப்பதே நல்லது.

மோக்கா பாட் என்பது அடுப்பில் வைத்து, கீழ்ப் பாத்திரத்து நீரைத் தூள் வழியே மேலே ஏற்றும் கருவி; 1933இல் இத்தாலியில் பியாலெட்டி நிறுவனம் கொண்டுவந்தது. கீழ்ப் பாத்திரத்தில் ஏற்கெனவே சூடாக்கிய நீரைப் பாதுகாப்பு வால்வுக்குக் கீழ்வரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது கொதிப்பதற்குள் தூள் வெந்துவிடும். கூடையைத் தூளால் நிரப்பி விரலால் மட்டம் செய்தால் போதும், அழுத்தக் கூடாது. துணியால் பிடித்து இறுக மூடி, சிறு தீயில், மேல் மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள். கரும் காபி மெல்ல ஊறி வரும். அது வெளுத்து, புஸ்புஸ் என்று துப்ப ஆரம்பிக்கும் அந்த நொடியில் இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய் நீரில் காட்டுங்கள். அதற்குமேல் வருவது மூன்றாம் கிண்ணத்துச் சரக்கு.

இரண்டடுக்கு உலோக ஃபில்டரில் 30 கிராம் தூளுக்கு 150 மில்லி தண்ணீர். தூளை லேசாக அமுக்கி, நனையும் அளவு மட்டும் வெந்நீர் விட்டு அரை நிமிடம் பொறுத்து, மீதியை ஊற்றி மூடிவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வடிந்துவிட்டால் தூள் கரகரப்பு. சொட்டு விழவே இல்லையென்றால் மாவாகிவிட்டது, அல்லது அதிகம் அமுக்கிவிட்டீர்கள்.

பால் சேர்ப்பதானால்

பாலின் புரதம் காபியின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் பால் விட்டதும் காபி மிருதுவாகிறது. அதே காரணத்தால் மெல்லிய காபி பாலில் காணாமல் போய்விடும். உலோக ஃபில்டரிலோ மோக்கா பாட்டிலோ இறக்கிய கெட்டி டிகாஷன்தான் பாலுக்குப் பொருந்தும். பாலை 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்கினால் அதன் இயல்பான இனிப்பு நன்றாகத் தெரியும். 70ஐத் தாண்டினால் காய்ச்சிய வாடை ஏறும். சர்க்கரை போடும் முன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பாதி போதும் என்று தோன்றலாம்.

கழுவுதலும் சூடாக வைத்தலும்

காபி எண்ணெய் கருவியில் ஒட்டிக்கொண்டு சிக்குப் பிடிக்கும். புதுக் கொட்டையிலும் பழைய எண்ணெய் வாடை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பிரெஞ்சு பிரஸ்ஸின் வலையைத் தினமும் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிரைண்டருக்குத் தண்ணீர் ஆகாது. வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

போட்ட காபியை அடுப்பின் மேலோ சூட்டுத் தட்டின் மேலோ வைத்திருக்க வேண்டாம். தொடர்ந்து சூடேறும்போது அதிலுள்ள அமிலங்கள் மாறி, காபி கடுத்துப்போகும். ஆறியதைத் திரும்பச் சுடவைத்தாலும் அதேதான். வெந்நீரால் அலசிய பிளாஸ்க்கில் உடனே ஊற்றி மூடிவிட்டால் ஒரு மணி நேரம் வரை நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் வேண்டியிருந்தால் இரண்டாம் தடவை புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், மூன்று நிமிட வேலைதான்.